சத்தம் போடாத பை

மெடல் வாங்கப் போகிறவள் லிகாயா. நடுங்கிக்கொண்டிருந்தவள் அவளுடைய அம்மா.

"இந்த வருஷம் உன்கூட தீதா பெபாங் மேடை ஏறட்டும்," என்றாள் அம்மா மிலா, சட்டியிலிருந்த சோற்றைக் கிளறியபடி. கிளறவே தேவையில்லாத சோறு அது.

"ஏன்? தீதா பெபாங்கா என்னைப் பெத்தாங்க?"

"உங்க அப்பாவோட தங்கச்சி. உனக்கு அத்தை. பாதி அம்மா மாதிரி."

"பாதி அம்மா பாதி மெடல்தான் போட முடியும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முடிவு மாறவில்லை. சிரித்துக்கொண்டே மறுப்பது எப்படி என்று மீன் சந்தையில் பேரம் பேசுகிறவர்களிடம் தினமும் பழகியவள் அவள்.

தலாகியோன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு ஆண்டு இறுதியில் மெடல் உண்டு. அதைக் கழுத்தில் போடுவது தலைமை ஆசிரியை இல்லை, விருந்தாளியும் இல்லை. பெற்றவர்கள்தான் மேடை ஏறிப் போட வேண்டும். அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. மூன்று சக்கர வண்டி ஓட்டும் அவருக்கு விழா நாளில்தான் சவாரி அதிகம்.

அம்மாவின் நடுக்கத்துக்குக் காரணம் போன வருஷம் நடந்தது.

போன வருஷம் அம்மா சந்தையிலிருந்து நேராக ஓடி வந்தாள். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் விசிறி, முகம் துடைக்கும் துண்டு, தைல டப்பா, சில்லறை. மெடலைப் போட அவள் கையைத் தூக்கியபோது, பையும் கூடவே மேலே போய் மைக்குக்குப் பக்கத்தில் நின்றது.

சரசர.

அது சாதாரண சரசர இல்லை. நான்கு ஒலிபெருக்கிகள் வழியாக வந்த சரசர. மரத்திலிருந்த காக்கைகள்கூட எழுந்து பறந்தன.

"மீன் கிலோ என்ன விலை?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். பள்ளிக்கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், எல்லோரையும் விடச் சத்தமாக. ஆனால் மெடலின் ரிப்பனில் அவள் விரல்கள் மூன்று முறை வழுக்கியதை லிகாயா மட்டும்தான் பார்த்தாள்.

"ஒரு நல்ல பை வாங்கிக்கம்மா," என்றாள் லிகாயா இப்போது.

"மேடையில நாலு நிமிஷம் நிக்கிறதுக்கு ஒரு பையா? அதுக்கு உனக்கு ஷூ வாங்கலாம்."

"தீதா பெபாங்கிட்ட இரவல் கேளு. நாலு வெச்சிருக்காங்க."

தீதா பெபாங்கின் நாலு பைகளிலும் தங்க நிறத்தில் பெரிய பெரிய எழுத்து இருக்கும். அது எந்தக் கம்பெனியின் எழுத்து என்று கேட்டால் தீதா பேச்சை மாற்றிவிடுவாள்.

"இரவல் வாங்கிட்டுப் போனா, கீழ நின்னுட்டு 'பாத்து, பாத்து, கீறல் விழுந்துரும்'னு கத்துவா. அதுக்கு பிளாஸ்டிக் பையே தேவலாம்," என்றாள் அம்மா. "விடு. அவ ஏறட்டும். நான் கீழ நின்னு கை தட்டுறேன்."

லிகாயா விடவில்லை. விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குப் பத்து நாள் என்பது நிறைய.

வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சத்தம் போடாத பை. தலைமை ஆசிரியை கையிடுக்கில் வைத்திருப்பாரே, வார் எதுவும் இல்லாமல், கடித உறை மாதிரி மடித்து மூடும் கிளட்ச், அப்படி ஒன்று. வார் இல்லையென்றால் தொங்காது. தொங்காவிட்டால் மைக் பக்கம் போகாது.

கதவுக்குப் பின்னால் ஒரு குடை நின்றது. சென்ற புயலில் காளான் மாதிரி இருந்த குடை கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாள். கருநீலத் துணியில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள். கம்பிகள்தான் செத்துப் போயிருந்தன. துணி உயிரோடு இருந்தது.

அம்மா சந்தையிலிருந்து திரும்ப மாலை ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லிகாயா கத்தரிக்கோலை எடுத்தாள்.

குடைத் துணி எட்டு முக்கோணங்களாகப் பிரிந்து வந்தது. பை என்பதோ நீள்சதுரம். முக்கோணத்தைப் பார்த்தாள், தலையைச் சொறிந்தாள், தரையில் பரப்பி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தபோது இரண்டும் ஒட்டிக்கொண்டன. அப்படியே நாலு முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்தாள். இரண்டு ஓரங்களிலும் கோணலாக நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டினாள். நீள்சதுரம் தயார்.

குடையைச் சுற்றிக் கட்டும் பட்டி ஒன்று இருக்குமே, பிரஸ் பட்டனோடு, அதையும் கழற்றி வைத்துக்கொண்டாள். பையை மூட அது போதும்.

ஆனால் குடைத் துணியை மட்டும் மடித்துப் பிடித்தால் பை நனைந்த காலுறை மாதிரித் தொங்கியது. உள்ளே தடியாக ஏதாவது வேண்டும்.

தடியாக எது கிடைக்கும்? கப்பித்தான் ருஃபினோ கிடைப்பார்.

பேட்டைத் தலைவர் கப்பித்தான் ருஃபினோவின் பேனர் இல்லாத கம்பம் தலாகியோனில் கிடையாது. திருவிழா வந்தால் வாழ்த்து பேனர். மழை வந்தால் எச்சரிக்கை பேனர். சாக்கடைக்கு மூடி போட்டால், மூடியை விடப் பெரிதாக ஒரு பேனர். எல்லாவற்றிலும் அவருடைய முகம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. முகத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில், 'இது கப்பித்தான் ருஃபினோவின் திட்டம்.'

நாள் கடந்த பேனர்களை ஜனங்கள் வீணாக்குவதில்லை. ஒரு வீட்டில் கப்பித்தான் கோழிக் கூண்டுக்குக் கூரையாக இருந்தார். இன்னொரு வீட்டில் குளியலறைக்குத் திரையாக இருந்தார்; அங்கே குளிக்கிறவர்கள் அவருக்கு முதுகு காட்டித்தான் குளித்தார்கள். அம்மாவின் மீன் கடைக்கு அவர் இரண்டு வருஷமாக நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். போன புயலில் அந்தப் பேனர் இரண்டாகக் கிழிந்தது. கிழிந்த பாதியை அம்மா கழுவிச் சுருட்டி, அதையும் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

லிகாயா விரித்துப் பார்த்தாள். வெயிலும் மழையும் பட்டுப் பட்டு, புதிய பேனரின் மொடமொடப்பு போய், தோல் மாதிரித் துவண்டிருந்தது. பையின் உள்பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

பேனரின் ஒரு பக்கம் வெறும் நீல வானம். இன்னொரு பக்கம் கப்பித்தான். லிகாயா வானத்தை வெட்டி எடுத்துக்கொண்டாள்.

சாதாரண ஊசி அதில் இறங்கவில்லை. அப்பா வண்டியின் இருக்கை உறையைத் தைக்க வைத்திருக்கும் கோணி ஊசி இறங்கியது. நூலுக்குப் பதில் தூண்டில் நரம்பு. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் 'தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்க வேண்டும்' என்று சொல்லியிருந்தார்கள். லிகாயா எறும்பே பொறாமைப்படும்படி நெருக்கி நெருக்கித் தைத்தாள். மூன்று மாலை ஆனது.

நாலாவது மாலை பையைத் திறந்து உள்ளே கையை விட்டாள்.

சர்ரென்று ஒரு சத்தம். தையல் போட்ட கோடு முழுவதும், தபால் தலையைக் கிழித்தது போல, நேராகக் கிழிந்து வந்துவிட்டது. நீல வானம் ஒரு கையில், குடைத் துணி ஒரு கையில். நெருக்கி நெருக்கிக் குத்திய ஓட்டைகளே பேனரை அறுத்துவிட்டிருந்தன.

லிகாயா கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் வீட்டில் இல்லாததால் சீக்கிரமே நிறுத்திவிட்டாள்.

அப்போது வாசலில் அப்பாவின் வண்டி வந்து நின்றது. தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அப்பா, போகும்போது கேட்டார். "என் கோணி ஊசியைப் பாத்தியா?"

"ரெண்டு நாள்ல கிடைச்சிரும்பா."

அப்பா அவளுடைய சிவந்த மூக்கைப் பார்த்தார். தரையில் கிடந்த குடைத் துணியைப் பார்த்தார். "நாலு நாள் ஆனாலும் பரவாயில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டியில் ஏறி உட்காரும்போது லிகாயாவின் கண் அந்த இருக்கையில் விழுந்தது. எத்தனை பேர் ஏறி இறங்கினாலும் கிழியாத உறை. அதில் எறும்பு வரிசை இல்லை. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. ஓரத்தில் ஒரு துணியை மடித்துக் கொடுத்து, அதையும் சேர்த்துத் தைத்திருந்தது.

"ஓ," என்றாள் லிகாயா.

வானம் பாழாகிவிட்டது. மிச்சமிருந்தது கப்பித்தான் மட்டும். அவர் இல்லாமல் ஒரு துண்டு வெட்டலாம் என்று பார்த்தாள். நீளவாக்கில் வைத்தால் காது வந்தது. குறுக்கே வைத்தால் மீசை வந்தது. எப்படித் திருப்பினாலும் கப்பித்தான் வந்தார். கடைசியில் போனால் போகிறது என்று, சிரிப்பும் பாதி மீசையும் 'இது கப்பித்தான் ருஃபினோவின் திட்டம்' என்ற வரியும் சேர்ந்து வந்த துண்டையே வெட்டினாள். மூடினால் யாருக்குத் தெரியப் போகிறது?

இந்த முறை விரல் இடைவெளி விட்டாள். மிச்சக் குடைத் துணியை ஓரங்களில் மடித்துக் கொடுத்தாள். எட்டாவது நாள் பை முடிந்தது. வெளியே கருநீலத்தில் வெள்ளைப் பொட்டு. உள்ளே கப்பித்தான்.

சோதனை ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுப் பூனை மீன் பையின் சரசரப்பைக் கேட்டால் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து வரும். லிகாயா தூங்குகிற பூனையின் காதருகே பையை ஆட்டினாள். இன்னும் வேகமாக ஆட்டினாள்.

பூனை காதைக்கூட அசைக்கவில்லை.

விழா அன்று காலை, அம்மா நீலக் கவுனை மாட்டிக்கொண்டு, எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீன் வாசம் போக அவள் எப்போதும் செய்வது. லிகாயா பையை நீட்டினாள்.

"என்ன இது?"

"ஆட்டிப் பாரு."

அம்மா ஆட்டினாள். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கையைக் கீழே இறக்கினாள்.

"சத்தமே வரலையே," என்றாள்.

"வராது. பூனைகிட்டயே கேட்டுட்டேன்."

அம்மா பட்டனைத் திறந்தாள். உள்ளே முப்பத்திரண்டு பல். "அடிப் பாவி. இவரையா உள்ள வெச்சிருக்க?"

"அவரை விட்டா வேற இடமே இல்லம்மா. அந்தப் பேனர் முழுக்க அவர்தான்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், பிளாஸ்டிக் பையிலிருந்த விசிறி, துண்டு, தைல டப்பா, சில்லறை எல்லாவற்றையும் எடுத்துப் புதிய பைக்குள் வைத்தாள். பட்டனை அழுத்தினாள். கையிடுக்கில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"நான் ஏறுறேன்," என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

பள்ளிக்கூட வாசலில் தீதா பெபாங் காத்திருந்தாள். மேடை ஏறப்போகும் மகிழ்ச்சியில் தலைமுடியைச் சுருட்டி, அது கலையாமல் இருக்க எதையோ அடித்திருந்தாள். காற்று வீசினால் தலைமுடி முழுவதும் ஒரே துண்டாக அசைந்தது.

"அண்ணி ஏறப் போறாங்களா? அப்போ நான் எதுக்கு இவ்வளவு?" தீதாவின் முகம் வாடியது.

"தீதா, போட்டோ நீங்கதான் எடுக்கணும்," என்றாள் லிகாயா. "மேடைக்கு முன்னாடி நட்ட நடுவுல நின்னு. எல்லாரும் உங்களைத்தான் பாப்பாங்க."

தீதா யோசித்தாள். "நட்ட நடுவுலயா? சரி, யாராவது செஞ்சுதானே ஆகணும்," என்று போனை எடுத்துக்கொண்டாள்.

அன்றைய சிறப்பு விருந்தாளி கப்பித்தான் ருஃபினோ. வீண் செலவு செய்யக் கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவருக்குப் பின்னால் அவரையே வரவேற்று அவரே வைத்த புத்தம் புதிய பேனர் மூன்று தொங்கிக்கொண்டிருந்தன.

பிறகு பெயர்களைக் கூப்பிட்டார்கள்.

லிகாயாவும் அம்மாவும் படியேறினார்கள். அம்மா லிகாயாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒலிபெருக்கிகள் நான்கும் அமைதியாக இருந்தன. லிகாயாவுக்கு அதுவே பாதி மெடல் வாங்கியது போல இருந்தது.

மெடலைப் போட இரண்டு கை வேண்டும். பையை எங்கே வைப்பது என்று அம்மா பார்த்தபோது, தீதா பெபாங்கின் போன் கேமரா தம் பக்கம் திரும்பியிருப்பதைக் கப்பித்தான் கவனித்தார். உடனே அவருக்கு உதவும் மனம் வந்தது.

"குடும்மா, நான் வெச்சுக்கிறேன்," என்று பையை வாங்கி, படத்தில் நன்றாகத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். தலைகீழாக.

பட்டன் விட்டுக்கொண்டது. விசிறி விழுந்தது, துண்டு விழுந்தது. தைல டப்பா மேடை முழுவதும் உருண்டது. சில்லறை கலகலவென்று கொட்டியது. மைக் அத்தனையையும் பொறுப்பாக ஊருக்குச் சொன்னது.

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

அம்மாவின் ஒரு கால் படிப்பக்கம் திரும்பியது. லிகாயா சட்டென்று அம்மாவின் கவுனைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் கப்பித்தான் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். உள்ளேயிருந்து அவரே அவரைப் பார்த்துச் சிரித்தார். மீசைக்குக் கீழே இருந்த வரியை அவர் படித்தார். அவர் முகம் பூரித்தது. மைக்கை இழுத்துக்கொண்டார்.

"பாருங்க மக்களே. ஏழைத் தாய்மாருக்குப் பை. இதுவும் நம்ம திட்டம்தான். உள்ளேயே எழுதியிருக்கு." எப்போது இந்தத் திட்டத்தைப் போட்டோம் என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் எழுதியிருக்கிறதே. "பாப்பா, நீயே சொல்லு. இந்தப் பை யாரோட வேலை?"

மைக் லிகாயாவின் வாயருகே வந்தது. மேடையில் நின்று பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. கீழே நின்றாலும் தெரியாது.

"தைச்சது நான்தாங்க, கப்பித்தான்," என்றாள். "எங்கம்மாவோட பழைய குடையில. அம்மா மேடைக்கு எடுத்துட்டு வர்றதுக்காக. நீங்க லைனிங்."

முன்வரிசை, பின்வரிசை, மரத்தடி, மதில் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். தலைமை ஆசிரியை இருமுவது போலக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

இந்தச் சிரிப்பு அம்மாவைப் பார்த்து இல்லை. அது அம்மாவுக்கும் புரிந்தது. படிப்பக்கம் போன கால் திரும்பி வந்தது.

ஆனால் கப்பித்தானின் காதுகள் சிவந்துவிட்டன. பையைப் பிடித்திருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பேனரில் பார்ப்பதை விட ஆள் ரொம்பச் சின்னவர் என்று லிகாயாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. போன வருஷம் அம்மா இதே இடத்தில் இப்படித்தான் நின்றாள்.

லிகாயா முன்னால் போய், ஊர் வழக்கப்படி பெரியவர்களுக்கு மரியாதை செய்வது போல, அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"லைனிங் இல்லன்னா பை நிக்காதுங்க, கப்பித்தான்," என்றாள். "முதல்ல வேற துண்டு வெச்சுப் பாத்தேன். கிழிஞ்சு போச்சு. உங்க துண்டுதான் தாங்குச்சு."

கப்பித்தான் அவளைப் பார்த்தார். சிரிப்பதா கோபிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. தீதா பெபாங் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்ததும் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்த பிறகு, அது எப்படியோ நிஜச் சிரிப்பாகிவிட்டது.

பல வருஷமாகக் குனியாத கப்பித்தான் குனிந்தார். விசிறியைப் பொறுக்கினார். மேசைக்கு அடியில் போயிருந்த தைல டப்பாவை முழங்காலிட்டு எடுத்தார். சில்லறையை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் பல்லுக்கு மேலேயே போட்டார். பட்டனை அழுத்தி மூடி, நேராக, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மெடலைப் போடுங்கம்மா. நான் பாத்துக்கிறேன்," என்றார். இந்த முறை மைக்கில் சொல்லவில்லை.

அம்மா ரிப்பனை விரித்தாள். அவள் கைகளில் எலுமிச்சை மணத்தது. அதற்கு அடியில் கொஞ்சம் கடலும் மணத்தது. ரிப்பன் ஒரு முறைகூட வழுக்கவில்லை. மெடல் நெஞ்சில் வந்து படிந்ததும், அதை அவள் ஒருமுறை நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது. இன்னொரு முறையும் நேராக்கினாள்.

"இந்தப் பக்கம் பாருங்க, அண்ணி," என்று நட்ட நடுவிலிருந்து தீதா பெபாங் கத்தினாள். அம்மா பார்த்தாள்.

திரும்பும்போது அவர்கள் நடந்தே வந்தார்கள். பக்கத்துத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் வீடு வந்துவிடும். அம்மா கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். ரொட்டிக் கடைக்காரி பையைத் தொட்டுப் பார்த்தாள். முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார். "எங்க வாங்கினீங்க?" என்று கேட்ட எல்லோருக்கும் அம்மா பதில் சொன்னாள். கேட்காத இரண்டு பேருக்கும் சொன்னாள்.

தெருமுனையில் அம்மா கேட்டாள். "அடுத்து எப்போ மேடை ஏறணும்?"

"அடுத்த வருஷம்மா."

"அவ்வளவு நாளா? நடுவுல வேற எதுலயாவது ஜெயிக்கக் கூடாதா? பாட்டுப் போட்டி?"

"என் குரல் எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

"சரி, ஓட்டப்பந்தயம்."

"நான் எப்பவும் கடைசிதானம்மா."

"கடைசியா வர்றவங்களுக்கு மெடல் கிடையாதா?"

"கிடையாது."

"அநியாயம்," என்றாள் அம்மா, பையைக் கையிடுக்கில் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு.